சொந்தம் என்பது எது?

(தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாளை முன்னிட்டு)



மே மாதம் 1-ம் தேதி தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாள். 1955-ம் ஆண்டில் 12-ம் பத்திநாதர் பாப்பரசர் இத்திருநாளை ஏற்படுத்தினார். உழைப்பாளிகள் கொண்டாடும் நாளை நாசரேத்தூர்த் தச்சரின் பாதுகாவலில் வைத்தது திருச்சபையின் ஞானம். இத்திருநாளை ஒட்டி ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சூசையப்பர் மரத்தை அறுத்து, இழைத்து, ஒரு கலப்பையையோ கதவையோ செய்து கொடுத்துப் பிழைத்தவர். நம்மிலே இன்று அப்படிப் பொருள் செய்து பிழைப்பவர்கள் குறைவு. பிறருக்குப் பணிவிடை செய்து பிழைப்பவர்கள் அதிகம். ஓட்டலில் பரிமாறுகிறவர், ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், பஸ் கண்டக்டர், பாங்கிக் குமாஸ்தா, வெயிலிலும் மழையிலும் வீடு வீடாய்ச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் வாலிபன், இவர்கள் எல்லோரும் நம் குடும்பத்துப் பிள்ளைகள். இவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளும் நம்மில் உண்டு. இரு தரத்தாரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகிறார்கள். இரு தரத்தாருக்கும் ஒரே வழக்குத்தான்.

முதலாளி சொல்கிறார்: “சாமி, என்ன கொடுத்தாலும் தன் கடை என்று நினைத்து வேலை செய்ய ஆள் இல்லை. நான் நிற்கிறவரையில் ஓடுகிறான். நான் திரும்பினால் உட்காருகிறான்.”

ஊழியர் சொல்கிறார்: “சாமி, லாபம் வந்தால் அவர் வீட்டு மாடி உயருகிறது, நஷ்டம் வந்தால் என் சம்பளம் குறைகிறது. பத்து நிமிஷம் தாமதித்தால் அரை நாள் கூலி போகிறது. இதை என் கடை என்று நான் எப்படி நினைப்பது?”

இருவரில் யார் சொல்வது நியாயம்? கூலி வாங்குகிறவனிடம் சொந்தக்காரனின் மனதை எதிர்பார்ப்பது முறையா? இதுவே கேள்வி. இது வெறும் வியாபார விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை வேலை செய்யும் இடத்தில்தான் கழிக்கிறோம். அந்தப் பாதியில் நம் ஆத்துமம் எந்த நிலையில் இருக்கிறது என்பது மோட்ச நரகத்தைப் பற்றிய விஷயம்.

பணிவிடையின் தன்மை

முதலில் ஒரு வேறுபாட்டைக் கவனிப்போம். தச்சன் செய்த நாற்காலி கோணலாயிருந்தால் கடைக்கு வருமுன்னே அதைத் தள்ளிவிடலாம். பணிவிடையை அப்படிச் சோதித்துத் தள்ள முடியாது. அது செய்யப்படும்போதே மற்றொரு மனிதனைப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சர்வர் முகத்தைச் சுளித்து வைத்த இலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். சுளித்த முகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. பணிவிடையின் சிறந்த பாகம் கண்காணிப்புக்கு எட்டாதது. இரவு 2 மணிக்கு வார்டில் ஒரு கிழவர் கிடக்கிறார். அவரை அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகும். நர்ஸ் புரட்டினாளா என்று காலையில் ஏட்டைப் பார்க்கலாம். ஆனால் ஏட்டில் எழுதுவது வேறு, புரட்டுவது வேறு, வலிக்காமல் புரட்டி, “தாத்தா, தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்பது முற்றிலும் வேறு. அந்த மூன்றாவதை எந்த ஏடும் காட்டாது. ஆனால் கிழவருக்கு வேண்டியது அந்த மூன்றாவதுதான்.

இதை அறிந்த நிர்வாகிகள் இக்காலத்தில் பலவித அளவுகோல்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள். தொலைபேசியில் குறை கேட்கும் நிலையத்தில் ஒரு அழைப்பை இத்தனை நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைக்கிறார்கள். கேட்பவரின் குறை தீருகிறதோ இல்லையோ, பேச்சுச் சீக்கிரம் முடிந்துபோகும். சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு வாடிக்கைக்காரர் கைப்பேசியில் நட்சத்திரம் போடுகிறார். பையன் அவரைப் பார்த்துச் சிரிக்கிறான். ஆனால் அவன் மனக்கண் முன் நிற்பது அவரல்ல, நட்சத்திரம். எதை எண்ணுகிறோமோ அதுவே கிடைக்கும். எண்ண முடியாதது மெல்லக் கைநழுவிப்போகும்.

கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேசுநாதர் சுவாமி சொன்ன தாலந்து உவமையிலும் எஜமான் திரும்பிவந்து கணக்குக் கேட்டார். கணக்கு அவசியம். ஆனால் கணக்கு மனதை உண்டாக்காது. மனது வேறு இடத்திலிருந்து வரவேண்டும்.

வேத சாஸ்திரிகள் சொல்வது

முதலாளியின் முறைப்பாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தம் இறையியல் தொகுப்பில், மனிதனுக்குச் சொந்த உடைமை ஏன் வேண்டும் என்று ஆராய்கிறார். அவர் காட்டும் முதல் நியாயம் இதுதான்: பலருக்குப் பொதுவானதைக் காட்டிலும் தனக்குரியதையே மனிதன் அதிகக் கவலையோடு பேணுகிறான், பொதுவானதில் ஒவ்வொருவனும் பிரயாசையை மற்றவன் தலையில் போட்டுவிட்டு ஒதுங்குகிறான். நம் ஊர்ப் பாட்டிமார் இதையே “ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்று சொல்லிவைத்தார்கள்.

13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் தொழிலாளரைப் பற்றி எழுதிய ‘ரேரும் நோவாரும்’ என்னும் நிருபத்தில் இதே உண்மையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தார். தன்னுடையதில் உழைக்கும்போது மனிதன் அதிக ஊக்கத்தோடு உழைக்கிறான் என்றால், கூடியவரையில் அதிகம் பேர் உடைமையுள்ளவர்களாக வேண்டும் என்றார் அவர். இதைக் கவனியுங்கள். “கூலிக்காரனுக்குச் சொந்தக்காரன் மனது இல்லை” என்பது முதலாளியின் புலம்பல். “அப்படியானால் அவனையும் சொந்தக்காரனாக்கு” என்பது திருச்சபையின் மறுமொழி.

11-ம் பத்திநாதர் 1931-ல் எழுதிய நிருபத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். கூலி ஒப்பந்தம் இயல்பிலேயே அநியாயமானது அல்ல என்று தெளிவாய்ச் சொன்னார். ஆயினும், கூடிய இடங்களில் அதைக் கூட்டு ஒப்பந்தத்தின் தன்மையால் சற்றுத் திருத்தி, தொழிலாளி உடைமையிலோ நிர்வாகத்திலோ லாபத்திலோ ஏதோ ஒருவிதத்தில் பங்கு பெறுவது நல்லது என்றார். 23-ம் அருளப்பர் 1961-லும், 2-ம் அருள் சின்னப்பர் 1981-லும் இதே போதனையை விரித்தெழுதினார்கள். ஆக, இது யாரோ புரட்சிக்காரர் சொன்ன வார்த்தையல்ல. 90 வருஷமாகப் பாப்பரசர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொல்லிவந்த வார்த்தை.

இரண்டு சொந்தம்

இங்கே ஒருவர் கேட்கலாம்: “சாமி, எல்லோரும் முதலாளியாக முடியுமா? என் கடையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கடையை ஆறாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறீர்களா?”

இதற்கு மறுமொழி நம் பாஷையிலேயே இருக்கிறது. தமிழில் ‘சொந்தம்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. “இது என் சொந்த வீடு” என்றால் உடைமை. “அவர் எனக்குச் சொந்தம்” என்றால் உறவு. முதல் சொந்தம் பத்திரத்தினால் வருவது. இரண்டாவது சொந்தம் பத்திரத்தினால் வருவதல்ல. தானும் சேர்ந்தவன், தன் வார்த்தைக்கும் மதிப்பு உண்டு, தன் வாழ்வும் தாழ்வும் இதனோடு கட்டுப்பட்டது என்ற உணர்ச்சியினால் வருவது. சின்ன மருமகள் பெயரில் வீட்டுப் பத்திரம் இல்லை. ஆயினும் வீட்டில் விளக்கு அணையாமல் பார்க்கிறாள். ஏன்? அவளை வீட்டாள் என்று நடத்தினால் பார்க்கிறாள். வேலைக்காரி என்று நடத்தினால் அவளும் பார்க்கமாட்டாள்.

இதற்குத் திருச்சபையில் பழமையான ஒரு சாட்சி உண்டு. அர்ச். ஆசீர்வாதப்பர் 6-ம் நூற்றாண்டில் தம் மடத்தாருக்கு ஓர் ஒழுங்கு எழுதினார். அதன்படி துறவி எவனும் எதையும், ஓர் எழுதுகோலைக்கூட, தன்னுடையது என்று வைத்துக்கொள்ளலாகாது. அர்ச். தோமாஸ் சொன்ன நியாயப்படி பார்த்தால் அந்த மடத்தில் எல்லாம் பாழாய்ப் போயிருக்க வேண்டும். ஆனால் அதே ஒழுங்கு மடத்தின் பண்டசாலைக்காரனுக்குக் கட்டளையிடுவது என்ன? மடத்தின் சட்டிபானைகளையும் கருவிகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல் எண்ணிப் பேணவேண்டும் என்பது. மண்வெட்டியும் பூசைப் பாத்திரமும் ஒரே மதிப்பு!

ஒன்றும் சொந்தமில்லாதவனுக்கு இந்த மனது எப்படி வரும்? அதே ஒழுங்கில் இன்னொரு அதிகாரம் விடை தருகிறது. மடத்தில் முக்கியமான காரியம் வரும்போதெல்லாம் மடாதிபதி எல்லோரையும் அழைத்து யோசனை கேட்க வேண்டும். வயதில் சிறியவனையும் விடக்கூடாது. ஏனென்றால் நல்லதைப் பலமுறை ஆண்டவர் சிறியவனுக்கே வெளிப்படுத்துகிறார் என்கிறார் ஆசீர்வாதப்பர். முடிவு செய்வது மடாதிபதிதான். அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது. பத்திரச் சொந்தம் இல்லாத இடத்தில் உறவுச் சொந்தம் இருந்தது. அதனால் மண்வெட்டியும் பிழைத்தது.

நடத்திக் காட்டியவர்கள்

இதெல்லாம் மடத்துக்குப் பொருந்தும், கடைத்தெருவுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறேன்.

நம் நாட்டில் காப்பி போர்டார் பல ஊர்களில் காப்பி ஹவுஸ் நடத்திவந்தார்கள். 1950-களில் அவற்றை மூடுவதென்று தீர்மானித்தபோது, பரிமாறியவர்களும் சமைத்தவர்களும் தெருவில் நிற்க வேண்டிய நிலை வந்தது. கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனின் முயற்சியால் அந்தத் தொழிலாளிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை ஏற்று நடத்தத் துணிந்தார்கள். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கமும், அதே வருஷம் டில்லியில் சங்கத்தின் முதல் கடையும், 1958-ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடையும் தோன்றின. நேற்றுவரை விசிறித் தலைப்பாகை கட்டிக் காப்பி கொண்டுவந்தவரே இன்று கடையின் பங்காளி. கம்யூனிசத்தின் தேவமறுப்பை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இந்தக் காரியத்தில் நடந்தது பாப்பரசர்களின் நிருபங்கள் காட்டிய வழிக்கு வெகு அருகில் இருக்கிறது என்று சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நன்மை எங்கே விளைந்தாலும் அது ஆண்டவருடைய வயல்தான்.

மற்ற உதாரணம் ஒரு குருவானவரைப் பற்றியது. ஸ்பெயின் தேசத்தில் பாஸ்க் மக்கள் வாழும் பகுதியில் மொந்திராகோன் என்ற சிறு தொழில் நகரம் உண்டு. உள்நாட்டுப் போரினால் நொந்துபோயிருந்த அவ்வூருக்கு 1941-ல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியேத்தா என்ற இளம் குரு உதவிப் பங்குக் குருவாக வந்தார். 1943-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்கல்விப் பள்ளி தொடங்கினார். அவரிடம் படித்த ஐந்து வாலிபர்கள் 1956-ல் அடுப்புச் செய்யும் ஒரு சிறு பட்டறை தொடங்கினார்கள். அதில் சேரும் தொழிலாளி ஒவ்வொருவனும் ஒரு பங்கு முதல் போடுவான். ஒவ்வொருவனுக்கும் ஒரே ஒரு வாக்கு. மிக உயர்ந்த சம்பளம் மிகக் குறைந்ததைப்போல் மூன்று மடங்குக்குமேல் போகலாகாது என்பது தொடக்கக் காலத்து விதி. 1959-ல் அவர்களுக்கென்று ஒரு பாங்கி ஏற்பட்டது. 1969-ல் சில சிறு பண்டகசாலைகள் ஒன்றுசேர்ந்து ‘எரோஸ்கி’ என்ற கடைத்தொகுதி உருவாயிற்று. அதன் நிர்வாக சபையில் கடையில் வேலை செய்வோரும், கடையில் வாங்குவோரும் சரிபாதியாக உட்காருகிறார்கள். அந்தக் குருவானவர் 1976-ல் இறந்தார். 2015-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

இவற்றைச் சொல்லும்போது பொய் நம்பிக்கை ஊட்டலாகாது. காப்பி ஹவுஸ் எல்லா ஊரிலும் செழிக்கவில்லை. மொந்திராகோனின் முதல் பட்டறையிலிருந்து வளர்ந்த பெரிய கம்பெனி 2013-ல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. பங்காளியாவதால் மனிதனுடைய சோம்பலும் பொறாமையும் பறந்துபோவதில்லை. ஜென்மப்பாவத்தின் காயம் கூட்டுறவுச் சங்கத்திலும் இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி விழுந்தபோது நடந்த ஒன்றைக் கவனியுங்கள். அதன் தொழிலாளிகளில் பலருக்கு மற்றச் சங்கங்கள் தங்களிடத்தில் வேலை கொடுத்து ஏற்றுக்கொண்டன. சொந்தம் என்பது லாபத்தில் மட்டுமல்ல, நஷ்டத்திலும் தெரிந்தது.

எஜமானர்களுக்கு ஒரு வார்த்தை

முதலாளிகளே, “இதை உன் கடையாக நினைத்துக்கொள்” என்று உங்கள் ஊழியரிடம் சொல்லுகிறீர்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்லுமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கைக்காரருக்கு வந்த குறையை உங்களைக் கேளாமலே தீர்த்துவைக்க அவருக்கு அதிகாரம் உண்டா? ஆறிப்போன காப்பியை மாற்றிக் கொடுத்தால் அந்தக் காசு அவர் கூலியில் பிடிக்கப்படுகிறதா? வேலை நேரத்தை மாற்றும்போது அவரைக் கேட்டீர்களா? நல்ல வருஷத்தில் லாபம் இவ்வளவு என்று அவருக்குச் சொன்னதுண்டா? இதற்கெல்லாம் மறுமொழி ‘இல்லை’ என்றால், நீங்கள் கேட்பது சொந்தக்காரனின் கவலையை மட்டும். சொந்தக்காரனின் சுதந்தரத்தையும் பங்கையும் அல்ல. பாரத்தை அவன் தோளில் வைத்துப் பலனை உங்கள் பெட்டியில் வைப்பதற்குச் ‘சொந்தம்’ என்று பெயரிடலாகாது. “நாம் எல்லோரும் ஒரே குடும்பம்” என்று சொல்லிக் கூலியில்லாமல் இரண்டு மணி நேரம் கூடுதலாய் வேலை வாங்குவது, குடும்பம் என்ற பரிசுத்தமான சொல்லைக் கொண்டு செய்யும் திருட்டு.

தாலந்து உவமையை மறுபடி வாசித்துப் பாருங்கள். எஜமான் பொருளை ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூரதேசம் போனார். மூலையில் நின்று எட்டிப் பார்க்கவில்லை. நம்பிக் கொடுத்தார், இருவர் இரட்டிப்பாக்கினார்கள். தாலந்தைப் புதைத்தவன் சொன்ன சாக்கு என்ன? “நீர் கடினமான மனுஷன் என்று அறிந்து பயந்தேன்” என்ற பொருளில் பேசினான். பயந்தவன் புதைப்பான், இது இன்றைக்கும் உண்மை. யார் தலையில் பழி விழுமோ என்று நடுங்கும் கடையில் ஒவ்வொருவனும் தன் புத்தியைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுக் கையை மட்டும் வேலைக்குக் கொண்டுவருகிறான். அந்த ஊழியனை ஆண்டவர் குற்றமற்றவன் என்று விடவில்லை. ஆயினும் நம் ஊழியருக்கு அப்படி ஒரு சாக்குச் சொல்ல நாமே இடம் கொடுக்கலாமா? திருக்குறளிலும் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. தகுந்தவனை ஆராய்ந்து தெரிந்துகொள், பிறகு வேலையை அவன் பொறுப்பில் விட்டுவிடு என்பதே அங்கே கிடைக்கும் புத்தி. நாமோ ஆராயாமல் ஆளை எடுக்கிறோம். எடுத்தபின் விடாமல் ஆராய்கிறோம்.

ஒரு சிறு விஷயத்தையும் சொல்லவேண்டும். ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்கள் உட்கார ஒரு ஆசனம் வேண்டும் என்று 2018-ல் கேரளத்திலும், 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் சட்டம் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு நாற்காலிக்குச் சட்டம்! ஆள் வராத வேளையில் ஒரு பெண்பிள்ளை உட்காரலாம் என்பதைச் சட்டசபை கூடிச் சொல்லும்வரையில் நாம் காத்திருந்தோம். காலில் நரம்பு புடைத்து வீங்கிய ஒரு மகள் நம் பங்குக் குடும்பத்தில் இருந்தால், அவள் வேலை செய்யும் கடையும் இன்னொரு பங்குக் குடும்பத்துடையதாக இருந்தால், அந்த இருவரும் ஒரே நற்கருணையை எந்த மனதோடு உட்கொள்வது?

இந்த வார்த்தை கோயில் நிர்வாகத்துக்கும் பொருந்தும் என்பதை மறைக்க மாட்டேன். கோயில் பிள்ளையும், உபதேசியாரும், நம் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும், ஆயாவும் கூலிக்கு உழைப்பவர்களே. “ஞான ஊழியம்” என்று சொல்லி நியாயமான கூலியைக் குறைப்பது நமக்கு மட்டும் புண்ணியமாகிவிடாது. நீதி ஆண்டவர் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை

உழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் கேள்வி கடினமானது: “எஜமான் அநியாயக்காரனாயிருந்தால் நானும் அரைகுறையாய் உழைத்தால் என்ன?”

அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் நல்ல மேய்ப்பனையும் கூலியாளையும் எதிரெதிரே நிறுத்துகிறார். ஓநாய் வரும்போது கூலியாள் ஓடிப்போகிறான், ஆடுகளைப்பற்றி அவனுக்குக் கவலையில்லை என்கிறார். இதைக் கேட்டுக் கூலி வாங்குவதே குறைவு என்று எண்ணாதீர்கள். வேதாகமத்தில் யாக்கோபு கூலிக்கே ஆடு மேய்த்தான். லாபான் என்ற தந்திரக்காரனிடம் 20 வருஷம் உழைத்தான். பகலில் வெயிலும் இரவில் பனியும் அவனை வாட்டின. தூக்கம் கண்ணை விட்டுப் போயிற்று. காட்டுமிருகம் பீறிப்போட்ட ஆட்டின் நஷ்டத்தையும் தானே ஏற்றுக்கொண்டான். லாபானோ பத்துத் தரம் அவன் கூலியை மாற்றினான். யாக்கோபு என்ன செய்தான்? லாபானுடைய அநியாயத்துக்காக ஆடுகளைப் பட்டினி போடவில்லை. லாபானை முகத்துக்கு முகம் நின்று நியாயம் கேட்டான். அவன் வீட்டை விட்டும் புறப்பட்டுப் போனான். வழக்கு லாபானோடுதான், ஆடுகளோடு அல்ல.

இதுவே உங்களுக்கு வழி. கூலி குறைந்தால் கேளுங்கள். சங்கமாய்ச் சேர்ந்து கேளுங்கள். வேறு வழியில்லாதபோது நியாயமான முறையில் வேலைநிறுத்தம் செய்வதையும் திருச்சபை தடுக்கவில்லை. அது வெளிப்படையான போராட்டம். ஆனால் கேட்காமல், பேசாமல், உள்ளுக்குள் கறுவிக்கொண்டு, வேலையில் மட்டும் கள்ளம் செய்வது போராட்டமல்ல. அதன் அடி முதலாளிமேல் விழுவதில்லை. இரவு 2 மணிக்குப் புரட்டப்படாமல் கிடக்கும் கிழவர்மேல் விழுகிறது. அவர் உங்கள் கூலியைக் குறைக்கவில்லை. வெகுதூரத்திலிருந்து வந்து பாங்கியில் கால்கடுக்க நிற்கும் எழுத்தறியாத கிழவி உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

கடை உங்களுக்குச் சொந்தமில்லை என்பது மெய். ஆனால் அந்தக் கிழவி உங்களுக்குச் சொந்தமில்லை என்று எந்தக் கிறிஸ்தவன் சொல்ல முடியும்? இங்கேதான் இரண்டாவது சொந்தம் உங்கள் கையில் இருக்கிறது. கடையின் பத்திரத்தை முதலாளி தராமல் இருக்கலாம். எதிரே நிற்கும் மனிதனை அயலான் என்று ஏற்றுக்கொள்ளும் உரிமையை எந்த முதலாளியும் தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது. அர்ச். சின்னப்பர் கொலோசையருக்கு எழுதும்போது, எதைச் செய்தாலும் மனிதருக்கென்று அல்ல, ஆண்டவருக்கென்று மனதாரச் செய்யச் சொல்லுகிறார். ஆனால் அந்த வாக்கியத்தை வைத்து ஊழியரை அடக்க நினைப்பவர்கள் அடுத்த சில வரிகளையும் வாசிக்க வேண்டும். எஜமானர்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டு, ஆகையால் ஊழியருக்கு நீதியும் நியாயமுமானதைக் கொடுங்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறார். ஒரே மூச்சில் சொன்ன இரண்டு கட்டளையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

நம் எல்லோருக்கும்

“எனக்குக் கடையும் இல்லை, நான் கூலிக்கும் போகவில்லை” என்று சொல்லி நழுவ நினைப்பவர்களே, உங்களையும் விடுவதற்கில்லை. நாம் எல்லோரும் பணிவிடை பெறுகிறவர்கள். ஓட்டலில் சர்வரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? தகப்பன் வயதுள்ளவரை “ஏய்” என்று அழைத்துவிட்டு, எச்சில் கையை உதறிக்கொண்டு போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகன் என்ன கற்றுக்கொள்கிறான்? மழையில் நனைந்து வந்த பையனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காமல் நட்சத்திரத்தை மட்டும் குறைத்தீர்களா?

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். “எங்கள் வீட்டு ஆள் மாதிரி” என்று பெருமையாய்ச் சொல்லுகிறோம். அவளுக்கு வைத்திருக்கும் தம்ளர் எது? அவள் உட்காருமிடம் எது? அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராத நாளில் கூலி பிடிக்கப்பட்டதா? கடை முதலாளியைக் குறை சொல்லும் நாம் நம் அடுப்படியில் லாபானாயிருந்தால், சுவிசேஷம் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை என்றே அர்த்தம்.

ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். முதலாவது, ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் ஒவ்வொருவரும், கடையிலாவது வீட்டிலாவது, தம்மிடம் வேலை செய்பவரை உட்காரச் சொல்லி, “இங்கே எதை மாற்றினால் நன்றாயிருக்கும்?” என்று ஒருமுறை கேளுங்கள்; அவர் சொல்லுவதில் நியாயமானதை ஒன்றாவது செய்யுங்கள். இரண்டாவது, கூலிக்கு உழைப்பவர் ஒவ்வொருவரும், யாரும் பார்க்காத ஒரு நல்ல வேலையை, எந்த ஏட்டிலும் ஏறாத ஒன்றை, ஆண்டவருக்காகச் செய்யுங்கள். கேட்க வேண்டிய நியாயம் இருந்தால் அதையும் பயப்படாமல் கேளுங்கள். மூன்றாவது, இரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும், அன்று நமக்குப் பணிவிடை செய்தவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அர்ச். சூசையப்பரின் கையில் ஒப்படைக்கப்பட்ட திருக்குழந்தை அவருடைய மாம்சத்தில் பிறந்ததல்ல. அவர் வளர்ப்புத் தந்தை மட்டுமே. ஆயினும் எகிப்துக்கு நள்ளிரவில் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். அதற்காக இழைப்புளி பிடித்துக் கை காய்த்தவர் அவர். தம்முடையதல்லாததைத் தம்முடையதிலும் மேலாய்க் காத்த அவரைக் காட்டிலும் உத்தமமான பாதுகாவலர் உழைப்பாளிக்கும் எஜமானுக்கும் வேறு யார் உண்டு?

தொழிலாளரான அர்ச். சூசையப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

சேசுவில் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு